பட்டா ஒருவர் பெயரில், உரிமை ஏழு பேருக்கு: ஒரு பாகப்பிரிவினைக் கோப்பு

தந்தையின் மனையில் வீடு கட்ட மூத்த மகன் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார். கோப்பில் தந்தை 1984-இல் வாங்கிய கிரயப் பத்திரம், 2019-இல் அவர் இறந்ததற்கான சான்று, வட்டாட்சியர் கொடுத்த வாரிசு சான்றிதழ், 2022-இல் தாய் மொத்த மனையையும் மகனுக்கு எழுதிப் பதிந்த தானசெட்டில்மெண்ட், நடப்புத் தேதி வரை வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), மகன் பெயரில் பட்டா என எல்லாம் இருந்தன. வங்கியின் வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அந்தத் தானசெட்டில்மெண்டால் தாயின் பங்கு மட்டுமே மகனுக்குப் போயிருக்கிறது, மீதி இன்னும் மற்றவர்களிடமே இருக்கிறது என்பது அவர் கருத்து. அவர் சொன்னது சரி.

இது ஒரே குடும்பத்தின் கோப்பு அல்ல. காவிரிப் படுகை ஊர்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துக் கட்டிய மாதிரி. சட்டமும் கணக்கும் உண்மையானவை. குடும்பம் இந்து, யாரும் உயில் எழுதவில்லை. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. பதிவு நடைமுறை ஒன்றுதான்.

இறந்த வரிசை

இந்த மாதிரிக் கோப்பைக் கையில் எடுத்ததும் முதலில் எழுத வேண்டியது யார், எந்த ஆண்டு, யாருக்கு முன் இறந்தார் என்ற வரிசை. சார்பதிவகம் ஆவணங்களைப் பதிகிறது, மரணங்களை அல்ல. ஆனால் உயில் இல்லாதபோது சொத்து மரணம் நிகழ்ந்த நொடியிலேயே வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பத்திரமும் வேண்டாம், பட்டாவும் வேண்டாம். அதனால்தான் 40 ஆண்டு வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும் உரிமை ஏழு பேரிடம் சிதறிக் கிடக்க முடிகிறது.

தாத்தா 1978-இல் இறந்தார். இளைய மகன் 2015-இல், மனைவியையும் ஒரு பெண் குழந்தையையும் விட்டு இறந்தார். தந்தை 2019-இல். தந்தையைப் பெற்ற பாட்டி 2021-இல். உயிரோடு இருப்பவர்கள்: தாய், மூத்த மகன், சிங்கப்பூரில் இருக்கும் மகள், இளைய மகனின் மனைவி, 18 வயது ஆகாத அவர் மகள், தந்தையின் தங்கைகளான இரண்டு அத்தைகள்.

சொத்து இரண்டு. ஒன்று, தந்தை சொந்தப் பணத்தில் 1984-இல் வாங்கிய 2,400 சதுர அடி மனை. மற்றொன்று, தாத்தா 1952-இல் தன் பெயரில் கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை.

மனைக் கணக்கு

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 8-ஆம் பிரிவின்படி ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. முன்னரே இறந்த மகனின் கிளைக்கு ஒரு பங்கு. குடும்பங்களில் தவறாமல் மறக்கப்படுகிறவர் இறந்தவரின் தாய். இங்கும் அதுதான் நடந்தது. 2019-இல் பாட்டி உயிரோடு இருந்தார். அத்தை வீட்டில் தங்கியிருந்ததால் அவர் பெயர் அந்த வீட்டு ரேஷன் கார்டில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் இந்த வீட்டுக் கார்டைப் பார்த்து விசாரணை அறிக்கை எழுதினார். பாட்டி பெயர் வாரிசு சான்றிதழில் வரவே இல்லை.

ஆக 2019-இல் பங்கு ஐந்து: தாய், பாட்டி, மூத்த மகன், மகள், இளைய மகனின் கிளை. அந்தக் கிளையின் ஐந்தில் ஒன்றை இளைய மகனின் மனைவியான மருமகளும் சிறுமியும் பாதிப் பாதி எடுக்கிறார்கள்.

2021-இல் பாட்டி இறந்ததும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு 15-ஆம் பிரிவின்படி பிரிகிறது. பெண்ணின் சொத்துக்கு முதல் வரிசை வாரிசுகள் கணவன், மகன், மகள், முன்னரே இறந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகள். எனவே அது மூன்றாகிறது: அத்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று, இறந்துபோன தந்தையின் பிள்ளைகளுக்கு ஒன்று. அந்த ஒன்றை மூத்த மகனும் மகளும் மட்டுமே பிரித்துக்கொள்கிறார்கள். தாய் பாட்டிக்கு மருமகள். இந்த வரிசையில் வரமாட்டார். சிறுமி கொள்ளுப்பேத்தி, இளைய மகன் பாட்டிக்கு முன்பே இறந்துவிட்டதால் இந்தப் பங்கு அவளுக்கு இறங்காது. நியாயமா என்று கேட்டால் பதில் கடினம். சட்டத்தின் சொற்கள் அப்படித்தான் நிற்கின்றன.

மனையை 30 பங்காக வைத்தால் தாய் 6, மூத்த மகன் 7, மகள் 7, மருமகள் 3, சிறுமி 3, அத்தைகள் ஆளுக்கு 2. ஒரு பங்குக்கு 80 சதுர அடி. தாய் மொத்த மனையையும் எழுதிக்கொடுத்தாலும் அவருக்கு இருந்த 6 பங்குதான் மகனுக்குப் போனது. மகன் கையில் இப்போது 13. மீதி 17 பங்கு வெளியே.

நஞ்சைக் கணக்கு

பூர்வீகம் என்று எல்லோரும் சொல்லும் நிலத்தில் இந்த வகைக் கோப்புகள் அதிகம் தடுமாறுகின்றன. தாத்தா தன் பெயரில் வாங்கியது அவருடைய தனிச் சொத்து. 1956-க்குப் பிறகு தந்தையிடமிருந்து 8-ஆம் பிரிவின்படி மகனுக்கு வரும் பங்கு அவனுடைய தனிச் சொத்தே. அதில் அவன் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லை. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

அத்தைகளுக்கு 1989-க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கில்லை என்று குடும்பம் உறுதியாக நம்பியது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005-இன் மத்தியத் திருத்தமும், 2020-இன் வினீதா சர்மா தீர்ப்பும் பேசுவது கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளின் பிறப்புரிமையைப் பற்றி. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு. கல்யாணத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே 1978-இல் நஞ்சை நான்காகிவிட்டது: பாட்டி, தந்தை, இரண்டு அத்தைகள். 2019-இல் தந்தையின் கால் பங்கு ஐந்தாக உடைந்து, அதில் ஒன்று பாட்டிக்கே திரும்பியது. 2021-இல் பாட்டியின் மொத்தப் பங்கும் மேலே சொன்ன விதத்தில் மூன்றானது. 120 சென்ட்டில் அத்தைகளுக்கு ஆளுக்கு 42, மூத்த மகனுக்கு 12, மகளுக்கு 12, தாய்க்கு 6, மருமகளுக்கு 3, சிறுமிக்கு 3. பட்டாவில் தந்தை பெயர் மட்டும் இருந்த நிலத்தில் நூற்றுக்கு எழுபது அத்தைகளுடையது.

அந்தப் பட்டா யூ.டி.ஆர். காலத்தில், அதாவது 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த நிலப் பதிவேட்டு மேம்பாட்டுப் பணியில், உழுதுகொண்டிருந்த தந்தை பெயருக்கு ஏறியது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமையை அது உருவாக்குவதில்லை. நாற்பது ஆண்டு நாங்கள்தான் பயிர் வைத்தோம் என்பதும் தனியாக நிற்காது. ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு உரிமை இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்குத் தெரிந்து, அதற்குப் பிறகும் 12 ஆண்டு கடந்ததை நிரூபிக்க வேண்டும்.

சான்றுகள்

இந்தக் கோப்புக்கு நான்கு இறப்புச் சான்றும் நான்கு வாரிசு சான்றிதழும் தேவை. தந்தைக்கு மட்டும் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் முடிக்கப் பார்ப்பதுதான் வழக்கமான பிழை.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகவோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் வழங்குகிறார். இறப்புச் சான்று, இறந்தவரின் முகவரிச் சான்று, எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, உறுதிமொழி ஆகியவை இணைய வேண்டும். பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பிடுங்கள்: 1984 பத்திரத்தில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறு என்றால் இரண்டும் ஒரே நபர் என்ற சான்று தனியாகத் தேவைப்படும். சான்றிதழ் வாரிசுகளின் பெயரைச் சொல்கிறது. பங்கின் அளவைச் சொல்வதில்லை, விட்டுப்போன வாரிசின் உரிமையை அழிப்பதும் இல்லை. பாட்டி பெயர் விடுபட்ட 2019 சான்றிதழை ரத்துசெய்து புதிதாகத் தருமாறு வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. வாரிசு யார் என்பதிலேயே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் இடம்.

வங்கிகள் சில நேரம் கேட்கும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று வேறு. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி வரும் அது வைப்புத்தொகை, பங்குப்பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கு உரியது. நிலத்துக்கு அதைக் கேட்டு நீதிமன்றம் போவது காலத்தையும் பணத்தையும் வீணாக்கும்.

1978 மரணம் பதிவாகவே இல்லை. ஓராண்டு கடந்த மரணத்தைப் பதிய, அந்த ஆண்டின் பதிவேட்டில் பெயர் இல்லை என்று பதிவாளரிடம் சான்று வாங்கி, உறுதிமொழி ஆவணத்தோடு கோட்டாட்சியர் உத்தரவு பெற வேண்டும். இந்தக் கோப்பில் அதிக காலம் எடுப்பது இதுதான். முதல் நாளே தொடங்க வேண்டியதும் இதுதான்.

பத்திரங்களில் 1984-ஐ இணையத்தில் தேடலாம்; கணினி வில்லங்கம் பெரும்பாலான அலுவலகங்களில் 1975 முதல் கிடைக்கிறது. 1952-க்குக் கையெழுத்துத் தேடல்தான். நிலப் பத்திரங்கள் ஏறும் சார்பதிவகத்தின் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. பெயர்வாரியில் தேடினால் பழைய எழுத்துக்கூட்டலால் தவறும். சொத்துவாரியில் தேடினால் பழைய புல எண் தெரிந்திருக்க வேண்டும். பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பிறகு தேடுவது நல்லது. அசல் காணாமல் போயிருந்தாலும் சான்றிட்ட நகல் எடுக்கலாம்.

அசல் மூலப் பத்திரம் இல்லாமல் பதிய முடியாது என்ற தடை தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-அ வழியாக வந்தது. கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் முதல் உட்பிரிவு பதிவுச் சட்டத்துக்கு முரண் என்று செல்லாததாக்கியது; உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்றது. அதன் பிறகு சட்டமன்றத்தில் திருத்த மசோதாவும் வந்தது. பதியப்போகும் நாளில் அலுவலகம் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு மூன்றையும் எடுத்து வைப்பது பயன்படும். பிற்காலத்தில் வாங்குபவரும் வங்கியும் அதைக் கேட்பார்கள்.

சிறுமியும் சிங்கப்பூரும்

மூத்த மகனின் முதல் யோசனை எளிதானது: மருமகள் தனக்கும் மகளுக்குமாகக் கையெழுத்திட்டு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கொடுக்க, பணம் வாங்கிக்கொள்வது. இதைச் செய்யவே கூடாது. இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளர் சிறாரின் அசையாச் சொத்தை விற்கவோ கொடுக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அப்படிச் செய்தால் சிறுமி 18 வயது ஆன பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்துசெய்யலாம். பத்திரம் பதிவாகிவிடும், வில்லங்கத்தில் வரும், பட்டாகூட மாறும். ஆனாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

விற்பனை ஆகாத, நேர்மையான பாகப்பிரிவினையில் சிறுமிக்குரிய பங்கை நிலமாகவே ஒதுக்கினால் காப்பாளர் கையெழுத்து போதும். அதனால் வரைவு இப்படி அமைந்தது: சிறுமி, மருமகள் பங்கு எதிலும் ஒரு சென்ட்கூடக் குறைவதில்லை. மாற்றிக்கொள்வது வயது வந்தவர்களுக்குள் மட்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் வரமுடியாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அலுவலர் முன் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுக்குப் போதுமானது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதனால் தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வந்த தேதிக்கு அதுவே ஆதாரம். அதிகாரம் யாருக்கு என்பதும் முக்கியம்: பாகப்பிரிவினையில் எதிர்ப் பங்குதாரரான அண்ணனுக்குக் கொடுக்காமல், பங்கு இல்லாத ஒருவருக்குக் கொடுப்பதே முறை. பாகப்பிரிவினை செய்யவும், குறிப்பிட்ட பகுதியை ஒப்புக்கொள்ளவும், பதிவுக்குத் தாக்கல் செய்யவும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விற்க அதிகாரம் என்று மட்டும் எழுதினால் பாகப்பிரிவினைக்கு ஆகாது.

பத்திர வரைவு

மனை கிழமேல் 30 அடி, தென்வடல் 80 அடி. தெற்கே தெரு, வடக்கே சந்து. அத்தைகள் மனையில் தங்களுக்குள்ள 320 சதுர அடியை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குத் தாய், மூத்த மகன், மகள் மூவரும் நஞ்சையில் தங்கள் 30 சென்ட்டை அத்தைகளுக்கு விட்டார்கள். முடிவில் தெருப்பக்கம் 30க்கு 40, ஆக 1,200 சதுர அடி மூத்த மகனுக்கு. நடுவில் 30க்கு 24, ஆக 720 மகளுக்கு. சந்துப் பக்கம் 30க்கு 16, ஆக 480 மருமகளுக்கும் சிறுமிக்கும். நஞ்சையில் அத்தைகளுக்கு ஆளுக்கு 57 சென்ட், மருமகளுக்கும் சிறுமிக்கும் 6 சென்ட். சந்துப் பக்கத்தின் வழிகாட்டி மதிப்பு தெருவைவிடக் குறைந்திருந்தால் சதுர அடி சமமாக இருந்தாலும் சிறுமிக்கு நட்டம்தான். மதிப்பீட்டாளர் அறிக்கை எடுத்து, குறைவு தெரிந்தால் அளவைக் கூட்டித் தர வேண்டும்.

நடுத்துண்டுக்குத் தெரு இல்லை. வரைவில் அடிக்கடி விட்டுப்போவது இந்த வழிதான். மூத்த மகனின் துண்டில் மேற்கு ஓரமாக 4 அடி அகலம், 40 அடி நீளத்துக்கு நடக்கவும், குழாய், மின்கம்பி, கழிவுநீர் கொண்டுபோகவும் மகளுக்கு நிரந்தர உரிமை, அதில் கட்டடம் கூடாது என்று இரண்டு துண்டின் சொத்து விவரத்திலும் எழுதினார்கள். ஒரு துண்டில் மட்டும் எழுதினால் மற்றதை வாங்குகிறவர் தெரியாது என்பார்.

தாய்க்கு மூத்த மகனின் பகுதியில் ஆயுள்கால வசிப்புரிமை எழுதப்பட்டது. 2022 தானசெட்டில்மெண்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நிபந்தனை ஒன்றுகூட இல்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் ரத்து கேட்க அந்த நிபந்தனை அடிப்படையானது. கணவன் இல்லாத தாயிடம் மொத்தச் சொத்தையும் எழுதி வாங்கும் பத்திரங்களில் அந்த ஒரு வரி விடுபடுவது வேதனையானது. எழுத்தர் நினைத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

முன்வரலாற்றுப் பகுதியில் ஒவ்வொரு மரணமும் தனிப் பத்தியாக வர வேண்டும்: இன்னார் இன்ன தேதியில் உயில் ஏதும் எழுதி வைக்காமல் காலமானார், அவருக்கு வாரிசுகள் இன்னின்னார், இறப்புச் சான்று எண், வாரிசு சான்றிதழ் எண். 2022 தானசெட்டில்மெண்டின் ஆவண எண்ணைக் குறிப்பிட்டு, அது தாயின் 30-இல் 6 பங்கு அளவுக்கே செல்லும் என்று தாயும் மகனும் ஒப்புக்கொள்ளும் வரியும் வேண்டும். அந்த வரி இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் இரண்டு பத்திரங்களும் முரணாக நிற்கும்.

பதிவும் அதற்குப் பிறகும்

குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினைக்கு, 2023 ஜூலை 10 முதல், ஒவ்வொரு பங்கின் சந்தை மதிப்பில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 30 லட்சம் மதிப்புள்ள பங்குக்குத் தீர்வை 30,000, கட்டணம் 10,000. குடும்பம் என்பதன் வரையறையில் தந்தை, தாய், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் வருகிறார்கள். இங்கே அத்தையும் அண்ணன் பிள்ளைகளும் ஒரே பத்திரத்தில் நிற்பதால், சலுகை பொருந்துமா என்பதை வரைவைக் காட்டிச் சார்பதிவாளரிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் செலவு பல மடங்கு கூடும்.

கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அபராதத்தோடு இன்னொரு நான்கு மாதம். அதற்கு மேல் வழியில்லை. மனை ஒரு சார்பதிவக எல்லையிலும் நஞ்சை இன்னொன்றிலும் இருந்தால், பதிவுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி இரண்டில் எந்த அலுவலகத்திலும் பதியலாம். பதிந்த அலுவலகம் 64-ஆம் பிரிவின்படி மற்ற அலுவலகத்துக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும். இந்தக் குறிப்பு ஏறாமல் போனால் நஞ்சையின் வில்லங்கத்தில் பாகப்பிரிவினை தெரியாது. ஒரு மாதம் கழித்து நஞ்சைக்குத் தனியாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

ஊர்க்கூட்டத்தில் பேசி வெள்ளைத்தாளில் எழுதிய கூர்சீட்டு (பங்கு பிரித்த சீட்டு) இதற்கு மாற்று ஆகாது. ஏற்கெனவே வாய்மொழியாக முடிந்த ஏற்பாட்டைக் குறித்துவைத்த நினைவுக்குறிப்புக்குப் பதிவு வேண்டாம் என்று 1976-இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சீட்டே பங்கைப் பிரிக்கிறது என்றால் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி உரிமைக்குச் சாட்சியமாக வராது.

பதிந்த பிறகு பட்டா. முழுப் புலமும் ஒருவருக்கே போகாததால் உட்பிரிவோடு கூடிய மாறுதலுக்கு விண்ணப்பித்து, நில அளவர் கல் நடும் நாளில் எல்லாப் பங்குதாரர்களும் வயலில் இருக்க வேண்டும். பத்திரத்தில் 57 சென்ட், அளந்ததில் 56 என்று வரும். வாய்க்கால் ஓரம் கரைந்திருக்கும். எல்லோருக்கும் விகிதப்படி குறைத்துக்கொள்வது என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் அங்கேயே முடியும். உட்பிரிவுக்கு எதிராக யாராவது ஆட்சேபித்தால் வட்டாட்சியர் விசாரிப்பார். அவர் உத்தரவுக்குப் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. மருமகளுக்கும் சிறுமிக்கும் உரிய 6 சென்ட், 480 சதுர அடி இரண்டிலும் பட்டாவில் சிறுமியின் பெயரும், மருமகள் காப்பாளர் என்ற குறிப்போடு வர வேண்டும். மருமகள் பெயர் மட்டும் ஏறியிருந்தால் அப்போதே திருத்த மனு கொடுக்க வேண்டும்.